மேகத்தின் கருவைப் பாடத்தில் சேருங்கள்: அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை நான். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் திருத்தப்பட்டு எங்களிடம் திரும்பி வந்த விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மேகம் எவ்வாறு உருவாகிறது?’ என்ற கேள்விக்கு என் மாணவி ஒருத்தி, ‘நீராவி மேலே சென்று குளிர்ந்து, காற்றில் மிதக்கும் தூசியின் மேல் படிந்து துளியாகிறது’ என்று எழுதியிருந்தாள். ‘தூசியின் மேல்’ என்ற சொற்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, அரை மதிப்பெண் குறைக்கப்பட்டிருந்தது. திருத்தியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தரப்பட்ட விடைக்குறிப்பில் தூசி இல்லை. நாங்கள் நடத்திய பாடநூலில் இல்லாததால் விடைக்குறிப்பிலும் அது இல்லை. ஆகவேதான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பாடம் நடத்திய நூல்களில் எல்லாம் நீர்ச் சுழற்சிக்கு ஒரே படம்தான் உண்டு. கடலிலிருந்து ஓர் அம்புக்குறி மேலே போகும். அதன் முனையில் மேகம் இருக்கும். மேகத்திலிருந்து மலைமேல் மழை விழும். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று மூன்று சொற்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நடுச் சொல் நிகழ்வதற்கு எது வேண்டும் என்பதைப் படமும் சொல்வதில்லை, பாடமும் சொல்வதில்லை. சிறிய விடுபடல்தானே என்று நானும் பல காலம் நினைத்திருந்தேன். ஆனால் புவி எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதைக் கணக்கிடுவதில் அறிவியலாளர்களுக்கு இன்றுவரை பெரும் இடர்ப்பாடாக இருப்பது இந்த நடுச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் துகள்தான்.

வகுப்பில் நான் செய்து காட்டும் ஒரு சோதனையிலிருந்து தொடங்குகிறேன். நிறமில்லாத ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கிவிட்டு, இரு கைகளாலும் இறுக அழுத்திச் சட்டென்று விடுவேன். அழுத்தம் குறையும் கணத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து குளிர்கிறது. நீராவியும் வேண்டிய அளவு இருக்கிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும்படி ஏதும் நிகழ்வதில்லை. பிறகு மூடியைத் திறந்து, தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தி ஊதி அணைத்து, அதன் முனையிலிருந்து எழும் புகையில் ஓர் இழையைப் பாட்டிலின் வாய்க்குள் விட்டு மூடுவேன். மறுபடி அழுத்தி விட்டதும், பாட்டில் முழுவதும் பால்போல் வெண்மூட்டம் நிறைந்துவிடும். அழுத்தினால் மறையும், விட்டால் திரும்ப வரும். பின்வரிசைப் பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். நீர் அதே நீர், குளிர்ச்சியும் அதே குளிர்ச்சி. புதிதாகச் சேர்ந்தது கைப்பிடியில் அடங்காத சிறிது புகை மட்டுமே.

இது நான் கண்டுபிடித்த சோதனை அன்று. 1875-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பால் ஜான் கூலியே, வடிகட்டிய காற்றில் மூட்டம் உண்டாவதில்லை என்பதைக் கண்ணாடிக் குடுவையில் காட்டினார். அவர் செய்ததை அறியாமலே 1880-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் அதே முடிவுக்கு வந்து, தூசி இல்லாவிட்டால் மூடுபனியும் மேகமும் இல்லை என்று எழுதினார். பின்னர் காற்றிலுள்ள துகள்களை எண்ணுவதற்கென்றே ஒரு கருவியையும் செய்தார். அதாவது, நம் பாடநூல்கள் விட்டுவிட்ட செய்தி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையானது.

துகள் ஏன் வேண்டும் என்பதையும் எட்டாம் வகுப்புக்குப் புரியும்படி சொல்லிவிடலாம். நீராவி மூலக்கூறுகள் சில தாமாக ஒன்றுகூடி ஒரு துளியைத் தொடங்க முயன்றால், அந்தத் துளி மிக நுண்ணியதாக இருக்கும். அவ்வளவு வளைந்த பரப்பிலிருந்து நீர் உடனே ஆவியாகித் தப்பிவிடும். துகளே இல்லாத காற்றில் துளி நிலைக்க வேண்டுமானால் ஈரப்பதம் சில நூறு விழுக்காட்டை எட்ட வேண்டும். இயற்கையில் அது நடப்பதில்லை. மெய்யான மேகங்களுக்குள் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டுவது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே. அந்தச் சிறு மிகையிலேயே துளி பிறப்பதற்குக் காரணம், ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள ஒரு துகள் அதற்குத் தளமாக அமைவதுதான். உப்பு, சல்பேட் போல நீரில் கரையும் துகளாக இருந்தால், அது நீரைத் தன்பால் ஈர்த்தும் வைத்துக்கொள்கிறது. மேகம் ‘கருக்கொண்டிருக்கிறது’, ‘சூல்கொண்டிருக்கிறது’ என்று நம் மொழியில் சொல்வது வழக்கம். ஒவ்வொரு துளிக்கும் உள்ளே உண்மையாகவே ஒரு கரு இருக்கிறது என்று சொன்னதும் பிள்ளைகளின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தக் கருக்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தனிப் பாடமாகவே வைக்கத் தக்கது. அலை உடைந்து நுரைக் குமிழிகள் வெடிக்கும்போது கடலுப்பு காற்றில் தெறிக்கிறது. பாலைவனப் புழுதி கண்டம் கடந்து பறக்கிறது. சஹாராவின் புழுதி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டு மண்ணுக்கு பாஸ்பரஸைக் கொண்டு சேர்க்கிறது. கடலின் நுண்பாசிகளிலிருந்து கிளம்பும் ஒரு கந்தக வாயு காற்றில் சல்பேட் துகளாக மாறுகிறது. ஊசியிலைக் காடுகளில் கால் வைத்ததும் நாசியில் ஏறும் அந்த மணமே, வெயிலில் வேதிமாற்றம் அடைந்து துகளாகிறது. மகரந்தம், பூஞ்சை வித்துகள், பாக்டீரியா ஆகியவையும் உண்டு. இவற்றோடு மனிதர் சேர்ப்பவை: நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடிலிருந்து உருவாகும் சல்பேட், அடுப்பிலும் டீசல் எஞ்சினிலும் காட்டுத் தீயிலும் எழும் புகைக்கரி, வயல் உரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வழி உண்டாகும் உப்புகள். அறிவியலில் இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் ஏரோசால். வாசனைத் தெளிப்பான் டப்பாவோடு மட்டுமே இந்தச் சொல்லைத் தொடர்புபடுத்தி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அதன் முழுப் பொருளை நாம் தர வேண்டும்.

இனி, பாடநூலில் எங்குமே நான் காணாத செய்திக்கு வருகிறேன். துகள் இருந்தால் மேகம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்பதோடு இது முடிவதில்லை. துகளின் எண்ணிக்கை மாறினால் மேகத்தின் நிறமே மாறுகிறது. தூய கடற்காற்றில் ஒரு கன சென்டிமீட்டர் மேகத்துக்குள் சில பத்துத் துளிகளிலிருந்து நூறு துளிகள் வரை இருக்கும். புகை மிகுந்த நிலப்பகுதிக் காற்றில் அது பல நூறாகவோ ஆயிரமாகவோ உயரும். அதே அளவு நீர் எட்டு மடங்கு துளிகளாகப் பங்கிடப்பட்டால், ஒவ்வொரு துளியின் ஆரமும் பாதியாகிறது. எல்லாத் துளிகளின் மொத்தப் பரப்பும் இரண்டு மடங்காகிறது. வகுப்பில் இதற்கு ஒரு பனிக்கட்டி போதும். முழுக் கட்டியின் வழியே விரல் தெரியும். அதையே துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். நீர் கூடவில்லை, ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்புதான் கூடியது. மாசு மிகுந்தால் மேகமும் இவ்வாறே வெளுத்து, கூடுதல் வெயிலை விண்ணுக்குத் திருப்பும் என்று 1974-இல் வளிமண்டல அறிவியலாளர் ஷான் டூமி எழுதினார். அவர் பெயராலேயே இந்த விளைவு இன்று வழங்குகிறது.

இதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் செயற்கைக்கோள் படம் ஒன்று போதும். பெருங்கடலின் மேல் தாழ்வாகப் பரந்திருக்கும் மெல்லிய மேக விரிப்பில், யாரோ சுண்ணக்கட்டியால் கோடு கிழித்ததுபோல் நீண்ட வெண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். 1960-களிலேயே செயற்கைக்கோள் படங்களில் இவை தென்பட்டன. ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு கப்பல் இருக்கும். அதன் புகைபோக்கியிலிருந்து சென்ற கந்தகத் துகள்கள் மேகத்தில் கலந்து, அந்த வழித்தடத்தை மட்டும் வெளுக்கச் செய்கின்றன. ஒரு பக்க அளவில் இந்தப் படத்தை அச்சிட்டுக் கீழே இரண்டு வரி எழுதினால், நான் இந்தப் பத்திகளில் சொல்ல முயன்றதைப் படமே சொல்லிவிடும்.

மழைக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது. அந்தச் சிக்கலையும் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேகத் துளி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். நடுத்தர மழைத்துளி 2 மில்லிமீட்டர். பத்து லட்சம் மேகத் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர வேண்டுமானால் அவற்றுள் சில பெரியனவாக இருந்து வேகமாக விழ வேண்டும். மாசு மிகுந்த மேகத்தில் எல்லாத் துளிகளும் ஒரே மாதிரி சிறுத்திருப்பதால் மோதல் குறைகிறது, தூறல் தடைப்படுகிறது, மேகம் நீண்ட நேரம் நிற்கவும் கூடும் என்று 1989-இல் வளிமண்டல அறிவியலாளர் புரூஸ் ஆல்பிரெக்ட் எடுத்துக்காட்டினார். ஆனால் சிறு துளிகள் விரைவில் ஆவியாகிவிடுவதால் சில மேகங்கள் மெலிந்தும் போகின்றன. புகைக்கரி வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கினால், மேகம் கரைந்தே போகலாம். உயரமான மேகங்களில் பனிக்கும் கரு வேண்டும்: தூய நீர்த்துளி ஏறத்தாழ −38 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் நீராகவே நிற்கும், களிமண் துகளோ, இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவோ கிடைத்தால் அதற்கு வெகு முன்பே உறைந்துவிடும். மழையைத் தொடங்கி வைப்பதில் ஒரு பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்கலாம் என்பதைவிட வியப்பான செய்தியை எந்தப் பாடத்தில் நாம் தந்திருக்கிறோம்?

ஒருமுறை, பாட்டிலில் மூட்டம் தோன்றி மறைந்ததும், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “அப்படின்னா புகை நல்லதா, டீச்சர்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது மிகச் சரியான கேள்வி. மேகம் வெளுத்தால் வெயில் குறைகிறது, வெயில் குறைந்தால் புவி குளிர்கிறது என்று அந்தப் பிள்ளை மூன்று படிகளையும் தானே ஏறி வந்திருந்தான். பாடநூல் அவனுக்கு அடுத்த படியைக் கொடுக்கவில்லை. அன்று நான் சொன்ன பதிலைச் சற்று விரித்து உங்கள் முன் வைக்கிறேன்.

துகள்கள் புவியைக் குளிர்விக்கின்றன என்பது உண்மை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு மழை மேகங்களுக்கும் மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்குக்குச் சென்று, சல்பேட் திரையாகப் புவியைச் சுற்றிப் படர்ந்தது. அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. மனிதர் வெளிவிடும் துகள்களும் தாழ்வான வளிமண்டலத்தில் நாள்தோறும் இதே திசையில் வேலை செய்கின்றன. 1950-களிலிருந்து 1980-கள் வரை பல நாடுகளில் தரையை எட்டும் வெயிலின் அளவே குறைந்து வந்ததைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-இல் மனிதர் உண்டாக்கிய துகள்களின் மொத்த விளைவு ஒரு சதுர மீட்டருக்கு 1.1 வாட் அளவு குளிர்ச்சி. கார்பன் டை ஆக்சைடு தரும் வெப்பம் ஏறத்தாழ 2.2 வாட். துகள்களின் குளிர்ச்சியில் பெரும்பங்கு மேகங்களின் வழியாகவே வருகிறது. ஆனால் அந்த 1.1 என்ற எண்ணின் இருபுறமும் பாருங்கள்: அது 0.4 ஆகவும் இருக்கலாம், 1.7 ஆகவும் இருக்கலாம் என்று அதே அறிக்கை கூறுகிறது. வெப்பநிலையில் சொன்னால், பசுமை இல்ல வாயுக்கள் 1 முதல் 2 டிகிரி வரை சூடேற்றியிருக்க, துகள்கள் முதலிய பிற மனிதக் காரணிகள் அதில் 0.8 டிகிரி வரை மறைத்திருக்கக்கூடும். நாம் இப்போது உணரும் வெப்பம், திரைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த வெப்பம் மட்டுமே.

இவ்வளவு சொன்ன பிறகும் புகை நல்லதாகிவிடாது. இதே நுண்துகள்கள் மூச்சுக்குழலின் கடைசிக் கிளை வரை சென்று, இரத்தத்திலும் கலக்கின்றன. வீட்டு அடுப்புப் புகையையும் வெளிக்காற்று மாசையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எனவே காற்றைத் தூய்மையாக்கியே தீர வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. தூய்மையாக்கும்போது திரை விலகும் என்பதையும் அறிந்தே செய்ய வேண்டும். 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து, கப்பல் எரிபொருளில் அனுமதிக்கப்படும் கந்தகத்தின் உச்ச அளவைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தது. துறைமுக ஊர்களில் வாழ்வோர் நுரையீரலுக்கு அது பெரும் நன்மை. கடல் மேகங்களில் கப்பல் கிழித்த வெண்கோடுகளும் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. அவை திருப்பி அனுப்பி வந்த வெயில் இப்போது கடலுக்குள் இறங்குகிறது.

இங்கேதான் வாழ்நாள் பற்றிய பாடம் தேவைப்படுகிறது. தாழ்வான வளிமண்டலத்தில் மிதக்கும் துகளின் ஆயுள் சில நாட்கள் முதல் ஓரிரு வாரங்கள் வரைதான். மழை அதைக் கழுவி இறக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. புகைபோக்கி ஒன்றை இன்று நிறுத்தினால், அதன் நிழல் அடுத்த மாதமே இல்லாமல் போகும். அதன் வெப்பம் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் காலம் வரை நிற்கும். ஆகையால் துகளைக் குறைக்கும் அதே கையால் கார்பன் டை ஆக்சைடையும், ஆயுள் குறைந்தும் சூடு மிகுந்ததுமான மீத்தேனையும் குறைக்க வேண்டும். சில பிள்ளைகள், “வேண்டுமென்றே மேலே கந்தகத்தைத் தூவினால் என்ன?” என்றும் கேட்பார்கள். அறிவியலாளர்களும் ஆராயும் கேள்விதான் அது. கடல் அமிலமாவதை அது தடுக்காது, மழை பெய்யும் இடங்களை மாற்றக்கூடும், தொடங்கியபின் திடீரென நிறுத்தினால் மறைந்திருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளில் வந்து இறங்கும் என்ற மூன்றையும் நேராகச் சொல்லிவிட்டு, அவர்களையே சிந்திக்க விடலாம்.

இப்போது பாடநூலைத் திறந்து பாருங்கள். நீர்ச் சுழற்சி ஓர் இயலில் இருக்கிறது, காற்று மாசு இன்னோர் இயலில், புவி வெப்பமாதல் வேறொரு வகுப்பில். மூன்றையும் கட்டும் கயிறான நுண்துகள் எந்த இயலிலும் இல்லை. இதன் விளைவாக, காற்று மாசுதான் புவியைச் சூடாக்குகிறது என்று ஒற்றை வரியில் எழுதும் மாணவர்களையே ஆண்டுதோறும் அனுப்பி வைக்கிறோம். அவர்களே நாளை ஊராட்சியிலும் தொழிற்சாலையிலும் அரசு அலுவலகத்திலும் அமர்ந்து, புகையைப் பற்றியும் எரிபொருளைப் பற்றியும் முடிவெடுக்கப் போகிறவர்கள்.

புதிய இயல் எழுதித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பாடச்சுமை ஏற்கெனவே மிகுதி என்பது வகுப்பறையில் நிற்கும் எனக்குத் தெரியும். நீர்ச் சுழற்சிப் படத்தில் மேகத்துக்குச் செல்லும் அம்புக்குறியின் அருகே ஒரு புள்ளியை வைத்து, ‘நுண்துகள்’ என்று பெயரிடுங்கள். காற்று மாசு இயலின் இறுதியில் கப்பல் வழித்தட மேகங்களின் படத்தைச் சேருங்கள். புவி வெப்பமாதல் பாடத்தில் சூடேற்றும் வாயுக்களின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, குளிர்விக்கும் துகள்களையும் அவற்றின் ஆயுளையும் குறிப்பிட்டு, அந்தக் குளிர்ச்சியின் அளவு இன்னும் துல்லியமாக அளக்கப்படவில்லை என்பதையும் எழுதுங்கள். 2024-இல் விண்ணில் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள் இதை அளப்பதற்காகவே மேகங்களையும் துகள்களையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விடை காணப்படாத ஒரு கேள்வி தங்களுக்காக மிச்சமிருக்கிறது என்று அறியும் பிள்ளை அந்தப் பக்கத்தை அவ்வளவு எளிதில் மறக்க மாட்டாள். விடைக்குறிப்பில் ‘தூசியின் மேல்’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.

பாட்டில் சோதனையையும் செய்முறைப் பகுதியில் சேர்ப்பீர்களானால், சில குறிப்புகள் உதவும். தீக்குச்சியை ஆசிரியரே கொளுத்த வேண்டும். நீர் கொதிநீராக இருக்கக் கூடாது; பாட்டில் நெளிந்துவிடும். மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைப் பிடித்தால், கடைசி வரிசைக்கும் மேகம் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை